சாம்பிளை எங்கே எடுப்பது?

தண்ணீர் மாசு பற்றிய சட்டம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி, முதல் பக்கத்தைப் படித்து மயங்கிவிடக் கூடாது. முதல் பக்கம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஆறுகளின் தூய்மையை மீட்போம், பேணுவோம் என்று வாக்குறுதிகள் வரிசை கட்டி நிற்கும். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 1985க்குள் நீர்நிலைகளில் மாசு கலப்பதையே அறவே நிறுத்துவது தேசிய இலக்கு என்று எழுதி வைத்தது. 1985 வந்து போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அந்த வரி இன்னும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

நான் தேடிப் போவது நடுவில் எங்கேயோ ஒளிந்திருக்கும் ஒரு பிரிவை. சாம்பிள் எடுப்பது பற்றிய பிரிவு. எந்த இடத்தில் எடுக்க வேண்டும், யார் எடுக்க வேண்டும், சொல்லிவிட்டு எடுப்பதா சொல்லாமல் எடுப்பதா, எதற்கெல்லாம் சோதிப்பது, ரிசல்ட்டை யார் பார்க்கலாம். இந்த விஷயங்களில்தான் ஒரு சட்டத்துக்குப் பல் இருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது. தண்டனைப் பிரிவு எல்லாம் அப்புறம். மாசு இருப்பதாக நிரூபணமே ஆகாத இடத்தில் ஆறு வருடச் சிறை என்று எழுதினால் என்ன, அறுபது வருடம் என்று எழுதினால் என்ன?

கொஞ்ச காலம் நீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்ததால் வந்த புத்தி இது என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ரிப்போர்ட்டில் இருக்கும் எண் ஏதோ கல்வெட்டு மாதிரி தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த எண் எவ்வளவு எளிதில் கலைந்துபோகும் என்று தெரியும். பிஓடி என்கிற சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இருக்கும் கரிமக் கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதுதான் அது. 300 மில்லி கண்ணாடிப் பாட்டில், தேய்த்த கண்ணாடி மூடி, ஒரு காற்றுக்குமிழி கூட உள்ளே நிற்காமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வெயிலில் வண்டி நாலு மணி நேரம் நின்றுவிட்டால் கழிவைத் தின்னும் வேலை வழியிலேயே பாதி முடிந்துவிடும், கூடத்துக்கு வரும்போது எண் குறைந்திருக்கும். கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடு கரைசலையும் விடுவோம். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும். இல்லை என்றால் வெள்ளையாக நிற்கும். ஒரு ஆற்றின் தண்ணீரை எடுத்து விட்டு அது வெள்ளையாகவே நிற்பதைப் பார்த்தால், அதில் மீன் இருக்க வழியே இல்லை என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும், கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனையே ஒரு சட்டத் தேவையிலிருந்து பிறந்ததுதான். 1912இல் பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம் தன் எட்டாவது அறிக்கையில், ஆற்றில் விடும் சாக்கடை நீரில் பிஓடி லிட்டருக்கு 20 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராம், இதற்கு மேல் கூடாது என்றது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: விடுகிற சாக்கடையைப் போல் குறைந்தது எட்டு மடங்கு தண்ணீர் ஆற்றில் ஓட வேண்டும். உலகம் அந்த எண்களைக் காப்பி அடித்துக்கொண்டது, எட்டு மடங்கைப் பல இடங்களில் மறந்துவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் பார்க்கிற ஆறுகள் இருக்கும் நாட்டில் அந்த மறதி எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. வருடத்தில் எட்டு மாதம் அந்த ஆற்றில் ஓடுவதே நாம் விடுகிற கழிவுநீர்தான்.

சரி, சாம்பிள் எடுக்கிற இடத்துக்கு வருகிறேன். இதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு மினமாட்டாவை விடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. ஜப்பானில் சிஸ்ஸோ என்ற வேதித் தொழிற்சாலை 1932 முதல் பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரித்தது, கழிவு விரிகுடாவுக்குப் போனது. அந்தப் பாதரசம் ஏறிய மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956 மே மாதம் அதிகாரப்பூர்வமாகப் பதிவாகிறது. கை கால் நடுக்கம், பார்வை சுருங்குதல், பேச்சுக் குழறல். பூனைகள் அதற்கு முன்பே சுழன்று சுழன்று செத்துக்கொண்டிருந்தன. 1958இல் நிறுவனம் ஒரு காரியம் செய்தது: கழிவு வாய்க்காலை விரிகுடாவிலிருந்து எடுத்து மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பிவிட்டது. அடுத்த வருடம் முதல் அந்தப் பக்கத்துக் கடலோர ஊர்களிலும் நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். 1959இல் தொழிற்சாலை மருத்துவரே கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்து நோய் வருவதை உறுதி செய்தார், அந்த முடிவு வெளியே வரவில்லை. அதே வருடக் கடைசியில் பெரிய ஆர்ப்பாட்டமாக ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் திறக்கப்பட்டது. பாதரசத்தை எடுப்பதற்காக வடிவமைத்த இயந்திரமே இல்லை அது.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1958 டிசம்பரிலேயே ஜப்பான் நாடாளுமன்றம் நீர்த்தரம் பற்றி இரண்டு சட்டங்கள் போட்டுவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் ஒரு நீர்நிலைக்குப் பொருந்த வேண்டுமானால் அந்தப் பகுதியை அரசு முதலில் "குறிப்பிட்ட நீர்ப்பகுதி" என்று அறிவிக்க வேண்டும். மினமாட்டா பகுதியை எப்போது அறிவித்தார்கள் தெரியுமா? 1969இல். பாதரசம் பயன்படுத்தும் தயாரிப்பு 1968லேயே நின்றுவிட்டது. கையில் சட்டம் இருந்தும் பயன்படுத்தாமல் விட்ட அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. நோய் பதிவாகி நாற்பத்தெட்டு வருடம் கழித்து.

அமெரிக்கக் கதை கொஞ்சம் நல்லபடியாகப் போகும் கதை. 1969 ஜூன் 22ஆம் தேதி கிளீவ்லாந்து நகரில் கயஹோகா ஆறு தீப்பற்றி எரிந்தது, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆறு அதற்கு முன்பும் பல தடவை எரிந்திருக்கிறது. 1969 தீ அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிட்ட சின்னத் தீ, பத்திரிகையில் வந்து நாட்டையே உலுக்கிய படம் 1952ஆம் ஆண்டுத் தீயின் படம். அது போகட்டும். எனக்கு சுவாரசியமானது அதற்குப் பின்னால் நடந்த சட்ட மாற்றம்.

1972க்கு முன்பும் அங்கே நீர் மாசுச் சட்டம் இருந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் தன் ஆறுகளுக்கு ஒரு தரத்தை வகுக்க வேண்டும், ஆற்று நீர் அந்தத் தரத்துக்குக் கீழே போனால் நடவடிக்கை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆற்றைத்தானே காப்பாற்ற வேண்டும், ஆற்றைத்தானே அளக்க வேண்டும்? ஆனால் ஒரு ஆற்றங்கரையில் முப்பது ஆலைகள் இருந்தால், ஆற்று நடுவில் எடுத்த சாம்பிளில் தரம் குறைந்திருப்பதற்கு யார் காரணம்? ஒவ்வொருவரும் பக்கத்து ஆலையைக் கை காட்டுவார்கள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைச் சொல்வார், கீழே இருப்பவர் எனக்கு வரும்போதே இப்படித்தான் வருகிறது என்பார். இருபது வருடத்துக்கும் மேல் இருந்த அந்த அமலாக்க முறையில் நீதிமன்றம் வரை போனது ஒரே ஒரு வழக்குதான் என்று செனட் குழுவின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

1972 சட்டம் பாட்டிலை ஆற்றிலிருந்து எடுத்துக் குழாயின் வாயில் வைத்தது. அனுமதி இல்லாமல் எந்தக் குழாயும் எதையும் விடக் கூடாது. அனுமதியில் எண் இருக்கும். அந்த எண்ணை மீறினால் குற்றம், அவ்வளவுதான். ஆற்றுக்குக் கெடுதல் வந்ததா, மீன் செத்ததா, வேறு யாராவது விட்டார்களா என்ற பேச்சுக்கே இடமில்லை. குழாய் உன்னுடையது, எண் மீறியிருக்கிறது, கட்டு. செலவு அதிகம் என்று அதிபர் நிக்சன் இந்தச் சட்டத்தை நிராகரித்தார், இரு அவைகளும் சேர்ந்து அவர் நிராகரிப்பை மறுநாளே தள்ளிவிட்டு நிறைவேற்றின.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அனுமதி பெற்றவர் தானே சாம்பிள் எடுத்து, தானே சோதித்து, பொறுப்பான அதிகாரி கையெழுத்துப் போட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை பொது ஆவணம். பொய் எழுதினால் கிரிமினல் குற்றம். அதோடு எந்தக் குடிமகனும் மீறியவர் மேல் வழக்குப் போடலாம் என்று 505ஆவது பிரிவு சொல்கிறது. 1980களில் சுற்றுச்சூழல் அமைப்புகள் அரசு அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, நிறுவனங்கள் அனுப்பிய அறிக்கைகளைப் புரட்டி, எந்த மாதம் எந்த எண் மீறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு நேராகக் கோர்ட்டுக்குப் போனார்கள். நிறுவனம் தன் கையால் எழுதிக் கொடுத்ததே சாட்சி. அமலாக்க அதிகாரி தூங்கினாலும் சட்டம் தூங்காமல் இருக்க ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள்.

ஆனால் குழாயைப் பிடித்த சட்டத்துக்குக் குழாய் இல்லாத இடம் கண்ணில் படாது. வயலிலிருந்து மழையோடு வழிந்து போகும் உரம் குழாய் வழியாகப் போவதில்லை. விவசாய நிலத்தின் மழை வடிநீரும் பாசனத்தில் திரும்பி வரும் நீரும் இதில் சேராது என்று சட்டத்திலேயே விலக்கும் கொடுத்துவிட்டார்கள், விவசாயிகள் ஓட்டு எந்த நாட்டிலும் ஓட்டுதான். விளைவு: 2014 ஆகஸ்டில் ஓஹையோவின் டொலீடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள் என்று அறிவிக்க வேண்டி வந்தது. ஈரி ஏரியில் பாசி பெருகி அதன் நஞ்சு குடிநீர் நிலையத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பாசிக்குத் தீனி, முக்கியமாக வயல்களிலிருந்து வந்த பாஸ்பரஸ். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் பாட்டில் தண்ணீர் தேடி அலைந்தார்கள். யார் மேல் வழக்குப் போடுவது? ஒவ்வொரு வயலும் போட்டது கொஞ்சம்தானே.

ஹவாயில் நடந்தது இதைவிட வேடிக்கை. மாவி தீவில் லஹைனா கழிவுநீர் நிலையம் சுத்திகரித்த நீரைக் கடலில் விடாமல் ஆழ்துளைக் கிணறுகளில் இறக்கியது. நாங்கள் நிலத்தில்தானே விடுகிறோம், கடலுக்குத்தானே அனுமதி வேண்டும் என்பது வாதம். ஆய்வாளர்கள் கிணற்றில் சாயத்தை ஊற்றிப் பார்த்தார்கள். 84 நாளில் சாயம் கடலோரத்தில் அடியிலிருந்து ஊறி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், நேரடியாக விடுவதற்குச் சமமான வேலையைச் செய்தால் அதற்கும் அனுமதி வேண்டும் என்று 2020இல் தீர்ப்பானது. மூன்று வருடம் கழித்து அதே நீதிமன்றம் சாக்கெட் வழக்கில், ஆற்றோடு தொடர்ச்சியான மேற்பரப்புத் தொடர்பு இல்லாத சதுப்பு நிலங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. தண்ணீருக்கு மேலே என்ன கீழே என்ன, ஒன்றுதான். நீதிபதிகளுக்குத்தான் அது ஒன்றாகத் தெரிய மாட்டேன் என்கிறது.

இந்தியாவின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் எல்லாம் இதன் கீழ் பிறந்தவை. 21ஆவது பிரிவுதான் நான் சொல்லும் சாம்பிள் பிரிவு. அதிகாரி ஆலைக்குப் போய், இடத்துக்குப் பொறுப்பானவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் எடுத்து, அவர் கேட்டால் இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த முறைப்படி எடுத்தால்தான் ரிசல்ட் வழக்கில் சாட்சியமாக நிற்கும். ஆலைக்காரருக்கு அநியாயம் நடக்கக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதியது, தப்பில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மழையோடு மழையாகத் திறந்துவிட்டதை விடிகாலையில் ஓடையில் பார்த்த ஊர்க்காரர் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தால், அது அந்தச் சட்டத்தின் கண்ணில் வெறும் கறுப்புத் தண்ணீர்.

அப்புறம் அலகு. நம் பொதுத் தரத்தின்படி ஆற்றில் விடும் கழிவுநீரில் பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். லிட்டருக்கு என்று சொல்லும் எந்த விதியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர், அதில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால் மொத்தம் 30 கிலோ. அதில் ஒன்பது லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டால் லிட்டருக்கு 30 ஆகிவிடும், பாஸ். ஆற்றுக்குப் போவது அதே 30 கிலோதான். கூடுதலாக ஒன்பது லட்சம் லிட்டர் நிலத்தடி நீரும் காலி. அனுமதியில் மொத்தக் கிலோவையும் எழுதிக் கட்டுப்படுத்தினால்தான் இது அடைபடும்.

திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு போகும் நொய்யல் ஆற்றில் இந்த எண் விளையாட்டு எல்லாம் ஒரு கட்டத்தில் நின்றுபோனது, காரணம் உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்ட வேண்டும். சாயத்தை நூலுக்குள் தள்ளுவதோடு உப்பின் வேலை முடிந்துவிடும், துணியில் தங்காது, அத்தனையும் கழிவுநீரில் வந்துவிடும். வண்ணத்தையும் கரிமக் கழிவையும் ஓரளவு நுண்ணுயிரும் ரசாயனமும் பார்த்துக்கொள்ளும், உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் நுழைந்த உப்பு அப்படியே வெளியே வரும். கரைந்த திடப்பொருளுக்கு, அதாவது பெரும்பாலும் உப்புக்கு, லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்று வரம்பு இருந்தும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல கட்டியும், ஆறு உப்பாகிக்கொண்டே போனது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவைத் தேக்கும் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறந்தாலும் கீழே இருப்பவர்களுக்குக் கெடுதல், மூடி வைத்தாலும் சுற்றியுள்ள கிணறுகளுக்குக் கெடுதல். தண்ணீர் வேண்டும் என்று கேட்டு அணை வாங்கிய விவசாயிகளே அணைத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று போராடினார்கள். விவசாயிகள் சங்கம் உயர் நீதிமன்றம் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போய், கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

திறக்க வேண்டுமானால் ஒரே நிபந்தனை, ஒரு சொட்டும் வெளியே வரக் கூடாது. அதாவது குழாயே இருக்கக் கூடாது. ஆர்ஓ போட்டு நீரை மீட்டு, மிஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பாகப் பிரித்தெடுக்க வேண்டும். சாம்பிள் எங்கே எடுப்பது என்ற கேள்வியையே ஒழித்துக்கட்டிய தீர்ப்பு இது, அந்த வகையில் அபாரம். அளவு மீறியதா, நீர் கலந்தார்களா என்று பார்க்க வேண்டியதில்லை, ஓடையில் சாய நீர் ஓடினாலே மீறல்தான், பார்க்க ஒரு ஜோடிக் கண் போதும். ஆனால் நீரை ஆவியாக்கக் கொளுத்தும் விறகும் மின்சாரமும் கொஞ்சநஞ்சமில்லை. மீண்ட உப்பில் ஒரு பகுதி மறுபடி சாயமேற்றப் போகிறது. மீதி, கால்சியமும் சாய மிச்சமும் எல்லாம் கலந்த கலவை உப்பு. அதை வாங்க ஆளில்லை, மழையில் கரைந்தால் மறுபடி ஆற்றுக்குத்தான் போகும் என்பதால் கொட்டவும் முடியாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. தண்ணீர்ச் சட்டத்தில் ஜெயித்து, திடக்கழிவுச் சட்டத்தின் வாசலில் போய் நிற்கிறோம்.

பாலாறும் இதே காலத்துக் கதைதான். வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் கொடுத்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வரும் முன்பே காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. நிரூபிக்கும் பொறுப்பைத் தூக்கி ஆலைக்காரர் தலையில் வைத்ததும் அதுவே. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பு எழுதி, கண்காணிக்க ஒரு குழுவைப் போட்டு, வழக்கை முடித்துவைக்காமல் கையிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றது. முதல் தீர்ப்பு வந்த வருடம் பிறந்த குழந்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கொள்கை எல்லாம் சரிதான், ஆனால் ஓடையில் இறங்கி பாட்டில் பிடிக்க ஆள் வேண்டும்.

யார் சாம்பிள் எடுப்பது என்பதற்கு இங்கிலாந்தில் இருந்து ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அங்கே கழிவுநீர் நிறுவனங்களே தங்கள் நிலையங்களின் சாம்பிளை எடுக்க வேண்டும் என்பது முறை. சதர்ன் வாட்டர் என்ற நிறுவனத்தின் ஆட்கள் சாம்பிள் எடுக்கப்போகும் நாள் தெரிந்துகொண்டு, அன்றைக்கு நிலையத்திலிருந்து வெளியே நீரே வராதபடி செய்தார்கள். கழிவை டேங்கரில் ஏற்றி வேறு நிலையத்துக்கு அனுப்பியதும் உண்டு. வெளியே நீர் வரவில்லை என்றால் சாம்பிள் இல்லை, சாம்பிள் இல்லை என்றால் மீறலும் இல்லை. 2019இல் ஒழுங்குமுறை அமைப்பு 12.6 கோடி பவுண்டு அபராதமும் வாடிக்கையாளர் தள்ளுபடியுமாக விதித்தது. 2021இல் சுத்திகரிக்காத சாக்கடையைக் கடலோரத்தில் விட்ட தனி வழக்கில் நீதிமன்றம் 9 கோடி பவுண்டு அபராதம் போட்டது. சீனாவில் தானியங்கி அளவீட்டுக் கருவியின் குழாயைப் பாட்டில் தண்ணீருக்குள் விட்டு வைத்த வழக்குகளை அந்நாட்டு அமைச்சகமே வெளியிட்டிருக்கிறது. ஆக, மனிதர் எடுத்தால் ஏமாற்றுவார், மெஷின் வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி ஆன்லைன் கண்காணிப்புக்குக் கோடிகளைக் கொட்டுகிறவர்கள் அந்தக் குழாயின் மறுமுனை எதற்குள் இருக்கிறது என்றும் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும்.

2024இல் நம் நீர்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். பல மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்றார்கள், அதை நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு தீர்ப்பு அதிகாரி விதிப்பார். தண்ணீர் மாநிலங்களின் அதிகாரத்தில் வரும் விஷயம் என்பதால், தீர்மானம் போட்டு ஏற்கும் மாநிலங்களில் மட்டும் இது பொருந்தும். சிறையை எடுத்துவிட்டார்களே என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அதில் பாதிக் கோபம்தான். பழைய பிரிவில் சிறை என்று இருந்தது, உள்ளே போனவர்களைத்தான் காணோம். வேகமாகக் கட்ட வைக்கும் அபராதம், வராமலே போகும் சிறையை விட மேல் என்று வாதிடலாம். ஆனால் உச்சவரம்பு 15 லட்சம் என்பது பெரிய ஆலைக்கு ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவே. சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதில் மிச்சமாகும் பணத்தை விட அபராதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பாலபாடம். அமெரிக்க அதிகாரிகள் அபராதம் போடும்போது மீறியதால் கிடைத்த லாபத்தைத் தனியே கணக்குப் போட்டுச் சேர்க்கிறார்கள். அந்த ஒரு வரியை நாமும் காப்பி அடித்திருக்கலாம்.

ஆலைகளைப் பற்றியே இவ்வளவும் எழுதிவிட்டேன், உண்மையில் ஆறுகளில் போகும் கழிவில் பெரும்பங்கு நம் வீடுகளிலிருந்து வருவது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி நாட்டின் நகரங்களில் தினமும் 72,368 மில்லியன் லிட்டர் சாக்கடை உண்டாகிறது, உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,000 மில்லியன் லிட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது. மீதி எங்கே போகும்? இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது மாநகராட்சியும் நகராட்சியும். வாரியமும் அரசு, நகராட்சியும் அரசு. வாரியம் ஒரு சாயப்பட்டறையின் மின்சாரத்தைத் துண்டிக்கலாம், 33ஏ பிரிவு அதற்கு அதிகாரம் கொடுக்கிறது. ஒரு நகரத்தின் சாக்கடையை எந்தப் பிரிவால் துண்டிப்பது? அபராதம் போட்டால் அதுவும் மக்கள் வரிப்பணத்திலிருந்துதான் போகும், ஒரு அரசுக் கணக்கிலிருந்து இன்னொரு அரசுக் கணக்குக்கு.

கடைசியாக, எதற்காகச் சோதிப்பது. பாட்டிலில் எது இருந்தாலும், கேட்டதற்கு மட்டும்தான் பரிசோதனைக்கூடம் பதில் சொல்லும். பட்டியலில் இல்லாத பொருள் இருந்தாலும் ரிப்போர்ட் சுத்தமாக வரும். ஒட்டாத வாணலிப் பூச்சுத் தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் ஆறுகளில் போய்க்கொண்டிருந்தது, குடிநீரில் அதற்கு நாடு தழுவிய வரம்பு வந்தது 2024இல்தான். வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம், நாம் பிஓடிக்குப் பேசும் மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். இதை அளக்கிற கருவி எத்தனை கூடங்களில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரைகளின் மிச்சமும் அழகுசாதனங்களின் மிச்சமும் இப்படித்தான், பட்டியலுக்கு வெளியே நின்றபடி சுத்திகரிப்பு நிலையங்களைக் கடந்து போகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய நகர்ப்புறக் கழிவுநீர் விதிகளில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்த மிச்சங்களை எடுக்கப் பெரிய நிலையங்களில் கூடுதலாக ஒரு கட்டச் சுத்திகரிப்பு வேண்டும், அதன் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து நிறுவனங்களும் அழகுசாதன நிறுவனங்களும் கொடுக்க வேண்டும். பாட்டிலை ஆற்றிலிருந்து குழாய்க்கு நகர்த்தியது 1972 என்றால், இது குழாயிலிருந்து தயாரிப்பாளரின் வாசலுக்கு நகர்த்தும் வேலை. சாக்கடையில் சேர்வதில் எங்கள் பங்கை மிகைப்படுத்திவிட்டீர்கள், மற்றத் துறைகளை ஏன் விட்டீர்கள் என்று மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டிருக்கின்றன. ஆற்றங்கரை ஆலைகள் ஒன்றையொன்று கை காட்டிய அதே வாதம், இப்போது நல்ல வக்கீல்களை வைத்து.